எழுதாமல் வாசித்த வரி

புதுப் பனியனை முகத்தருகே கொண்டுபோனால் ஒரு வாசனை வரும். பிளீச்சிங் பவுடரும் மெஷின் எண்ணெயும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு வாசனை இருப்பதே தெரியாது; எங்களைப்போல் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அது மூக்கில் ஏறும். இன்றைக்கு நாற்பத்திரண்டு வயதில், ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் ஏசி அறையில் உட்கார்ந்து, கடல் கடந்து போகவிருக்கும் சாம்பிள் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை என்னைப் பிடரியில் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், ஒற்றை அறை வீட்டின் சிமெண்டுத் தரையில், ஓட்டை விழுந்த பனியன்களுக்கு நடுவே, மடியில் பரீட்சை அட்டையும் அதன்மேல் கடிதத் தாளுமாக உட்கார வைத்துவிடும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் இருந்த அப்பாவுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம், புகையிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது போர் மறுபடி மூண்டது. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுவது பல் துலக்குவதுபோல் அன்றாட வேலையாகிவிட்ட ஒரு மாதத்தில், அம்மாவும் நானும் வள்ளமேறி இராமேஸ்வரம் வந்து இறங்கினோம். அப்பா வரவில்லை. அவருடைய தாய் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தாள். "தூக்கிக்கொண்டு கடல் தாண்டவும் ஏலாது, விட்டுட்டு வரவும் ஏலாது. நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்று சொல்லிக் கரையில் நின்றார். கையசைத்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. இருட்டாக இருந்தது, நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அகதி முகாமில் சில மாதம் இருந்தோம். வெளியே கூலி வேலைக்குப் போன இடத்தில் ஞானம் அக்கா அம்மாவுக்குப் பழக்கமானாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றவள். "திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறேன், வாரியா?" என்று அவள் கேட்க, அம்மா முகாமின் அடுத்த கணக்கெடுப்புக்கு நிற்காமல் அவளோடு பஸ் ஏறிவிட்டாள். அந்தக் காலத்தில் இங்கே சிலோன்காரர் என்றால் யாரும் வீடு தரமாட்டார்கள். போலீஸ் வரும், விசாரணை வரும், எதற்கு வம்பு என்று பயந்தார்கள். அதனால் பஸ் கரூர் தாண்டுவதற்குள் ஞானம் அக்கா எங்களைத் தூத்துக்குடிக்காரர்களாக மாற்றிவிட்டாள். "ஏ பிள்ள, 'ஓம்'னு சொன்னிய, மாட்டிக்கிடுவிய. 'ஆமா'ன்னு சொல்லு. 'கதைக்கேன்'னு சொல்லாத, 'பேசுதேன்'னு சொல்லு. ஊரு பேரக் கேட்டா வாய மூடு, வேலையக் கேட்டா வாயத் தொற." கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெற்குப் பேச்சு எல்லாம் ஒன்றுதான் என்ற அவளுடைய கணக்கு தப்பவில்லை.

மங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எதிரெதிராகப் பத்து ஒற்றை அறைகள் கொண்ட ஒரு "காம்பவுண்டில்" வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா பெயர் பாவாத்தாள். முன்னால் இருந்த பெரிய வீட்டில் அவர்கள் குடும்பம். முதல் நாளே என் கன்னத்தைத் தடவி, "ஏங் கண்ணு, உங்கம்மா பேச்சு ஒரு தினுசா இருக்குதே, எந்தூரு?" என்றார். "தூத்துக்குடிங்க." "அக்கட்டாலயா? அதான் இழுத்து இழுத்துப் பேசறீங்களாட்ட இருக்குது" என்று அவரே முடித்துக்கொண்டு, ஒரு கிண்ணம் கம்மஞ்சோறு கொடுத்தார். நல்ல மனுஷி. அவருடைய மகள் சுமதி என் வகுப்பிலேயே படித்தாள். இரண்டே வருடத்தில் நான் வாய்க்கு வாய் "ஏனுங்க", "இல்லீங்க" என்று சுமதியைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசினேன். அம்மா மட்டும் கடைசிவரை வாயைத் திறக்க யோசித்தாள். கம்பெனியில் அவளுக்கு "ஊமையக்கா" என்று பெயர்.

அம்மாவுக்கு வேலை பிசிர் வெட்டுவது. தைத்து வரும் பனியனில் துருத்திக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் வெட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். சனிக்கிழமை சம்பளம். எல்லாரும் சம்பளக் கவரோடு சந்தைக்குப் போவார்கள். அம்மா "செகண்ட்ஸ்" விற்கும் கடைக்குப் போவாள். எங்கேயாவது ஒரு நூல் அறுந்து ஓடியிருக்கும், கழுத்து கோணியிருக்கும், சாயம் திட்டாக இருக்கும். அப்படிக் கழித்த பனியன்களை அங்கே எடைக்கு வாங்கலாம். அப்பாவுக்கு நாங்கள் பணம் அனுப்பிய வழி அதுதான். நம்மூர் நோட்டு அங்கே செல்லாது. பேங்க், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் போரில் அடைபட்டுக் கிடந்தன. ஞானம் அக்காவின் தம்பி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சரக்குத் தோணியில் வேலை பார்த்தார். "நோட்டாக் குடுத்தா வழியில கரையும், துணியாக் குடுத்தாக் கரையாது" என்று ஞானம் அக்காதான் யோசனை சொன்னாள். பனியன் மூட்டை பார்சல் லாரியில் தூத்துக்குடிக்குப் போகும்; தோணியில் கொழும்புக்குப் போகும்; அங்கே கடை வைத்திருந்த, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணனான பெரியப்பா அதை விற்று, சரக்கெடுக்க வரும் யாழ்ப்பாணத்து வியாபாரிகள் கையில் பணமாகக் கொடுத்தனுப்புவார். எங்கள் அம்மா வெட்டிய பிசிர், நடுவில் ஒரு கடல், இரண்டு ராணுவக் காவல் எல்லாம் தாண்டி, அப்பாவின் தாய்க்கு மருந்தாகவும் அப்பாவுக்கு அரிசியாகவும் மாறியது. இன்று நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பனியன்களைப் பிரிப்போம். அம்மா ஓட்டைகளைத் தைப்பாள். நான் கோணலை இழுத்து நேராக்கி மடிப்பேன். மூட்டை கட்டுவதற்கு முன்னால் கடிதம். அம்மா மூன்றாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்கு இறங்கியவள். அச்செழுத்தைக் கூட்டி வாசிப்பாள், கையால் எழுதியது, அதிலும் அப்பாவின் சாய்ந்த எழுத்து, அவளுக்குப் பிடிபடாது. எழுதத் தெரிந்ததோ தன் பெயரைக் கையெழுத்திட மட்டும்தான். புருஷனுக்கு எழுதுவதை அயலார் கையில் கொடுக்க அவளுக்குக் கூச்சம். எனவே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முடித்ததும், "எங்க, வாசி பாப்பம்" என்பாள். நான் வாசிப்பேன். கேட்டு, தலையசைத்து, கையெழுத்திடுவாள். பாலிதீன் உறையில் போட்டு, மூட்டையின் நடுவில் இருக்கும் பனியன் ஒன்றின் மடிப்புக்குள் வைத்துவிடுவோம். ஊரில் வாயே திறக்காத அம்மா அந்த ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பேசுவாள். சிரிப்பாள்கூட.

இரண்டு மூன்று மாதம் கழித்து அதே வழியாகப் பதில் வரும். அப்பா எப்போதும் நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கி, மருந்து வாங்கியது, மழை, தோட்டம் எல்லாம் எழுதி, "மகளின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அவள் எழுதுகிற கடிதத்தை வாசித்தால் நீ பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் இருக்கிறது" என்று முடிப்பார். அந்தப் பாராட்டைப் படிக்கும்போது மட்டும் என் குரல் சற்று உயரும். இடையிடையே ஒரு வரி வந்துகொண்டே இருக்கும்: பெண்சாதி உழைத்து அனுப்பிச் சாப்பிடுகிற ஆளாகிவிட்டேன். அதைக் கேட்டால் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மனுசனுக்கு ரோசத்துக்கு மட்டும் குறைவில்லை" என்பாள்.

அப்படி இருக்கையில், நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு, மாசியில் ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் தாய், என் அப்பாச்சி, இறந்துவிட்டாள். நான் வாசித்து முடித்ததும் அம்மா அழுதாள். மாமியாருக்காக முறையாக அழுது முடித்து, முகம் கழுவி வந்து, "இனி அவருக்கு அங்க ஒரு கட்டும் இல்லை" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நான்கு வாரமும் ஓவர்டைம் பார்த்தாள். காதில் கிடந்ததைக்கூட அடகு வைத்தாள். வழக்கமாக ஒரு மூட்டை போகும் இடத்தில் மூன்று மூட்டை கட்டினோம். கூட இருந்த இரண்டும் வள்ளக் கூலிக்கு.

அந்த மூட்டை கட்டுவதற்கு முந்தைய நாள்தான் பக்கத்துக் காம்பவுண்டில் அந்தக் காரியம் நடந்தது. நாகர்கோவில்காரர்கள் என்று சொல்லிக் குடியிருந்த ஒரு குடும்பத்தைப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போக, வீட்டுக்காரர் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் சனிக்கிழமை அரைநாள் பள்ளி விட்டு வரும்போது அவர்களுடைய அடுப்பு, குடம், பாய், ஒரு சாமி படம் எல்லாம் ரோட்டோரத்தில் கிடந்தன. அந்த வீட்டுப் பெண் என் பள்ளிதான், வேறு பிரிவு. கவிழ்த்த அண்டாமேல் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் யார் என்று தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துவிடுவோம். நான் சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தேன். சாயங்காலம் பாவாத்தாள் குழாயடியில் நின்று சொன்னார்: "சிலோன்காரங்களாமா. பாத்தா பாவமாத்தான் இருக்குது. ஆனா நமக்கெதுக்குங்க வம்பு? நல்லவேளை, நம்ம காம்பவுண்டுல அப்பிடி ஆரும் இல்லீங்க." அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எங்கள் மடியில் ஒரு நாடே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். துக்கம் விசாரித்தாள். மூன்று மூட்டை என்றாள். பிறகு ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி, அப்பாவே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் சொன்னாள்: "இனி அங்க ஆரைக் காவல் காக்கிறியள்? போதும். கூட வாற காசு வள்ளத்துக்கு. அடுத்த வள்ளத்தில ஏறி வாங்கோ. நானும் பிள்ளையும் பாத்துக்கொண்டிருக்கிறம், வாங்கோ."

என் பேனா தாளின்மேல் நின்றது. அப்பா வந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் ஓடியது. அவருக்கு ஞானம் அக்கா பாடம் எடுக்க முடியாது. வாயைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பக்கத்துக் காம்பவுண்டின் அண்டா, அதன்மேல் நான்.

பயந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள், "பாவம், குழந்தைதானே" என்பார்கள். நானும் பல வருடம் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதியை இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன். என் அப்பா கப்பலில் பெரிய வேலையில் இருக்கிறார் என்று சுமதியிடம் சொல்லியிருந்தேன். மே மாத லீவில் வெள்ளகோவிலில் இருக்கும் அவளுடைய அப்புச்சி வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போவதாகப் பாவாத்தாள் சொல்லியிருந்தார். தாத்தாவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே கிணறு இருக்கிறது, நீச்சல் பழகலாம், மாடு கன்றுக்குட்டி போட்டிருக்கிறது என்று சுமதி தினமும் சொல்லுவாள். எனக்கு அந்தக் கிணறு வேண்டும். புகையிலைக் கறை படிந்த விரல்களோடு, சாரம் என்கிற கைலி கட்டிக்கொண்டு, "என்ன பிள்ளை" என்று கூப்பிட்டபடி ஒரு மனிதர் இந்தக் காம்பவுண்டுக்குள் நுழைவது எனக்கு வேண்டாம். லீவு முடியட்டும், அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வரிகளை எழுதவில்லை. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று நானாக எழுதி முடித்தேன். "எங்க, வாசி பாப்பம்" என்றாள் அம்மா. வாசித்தேன். அந்த இடம் வந்ததும், தாளில் இல்லாததை, அவள் சொன்ன அதே சொற்களில், "அடுத்த வள்ளத்தில ஏறி வாங்கோ" என்று பிசகாமல் வாசித்தேன். கண் தாளிலேயே இருந்தது. அம்மா புன்சிரிப்போடு கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கையெழுத்தின் கீழே ஒரு கோடுகூட இழுத்தாள்.

வெள்ளகோவில் போனேன். கிணற்றில் நீச்சல் பழகினேன். "உங்கப்பா என்ன கண்ணு பண்றாரு?" என்று சுமதியின் அப்புச்சி கேட்டபோது, "கப்பல்லீங்க" என்று தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னேன். அப்பனை விற்று நீச்சல் வாங்கிய பிள்ளை நான். அந்த வாரம் முழுக்க அம்மா, கம்பெனியிலிருந்து வந்ததும், ஒற்றை அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. ஆணியில் ஆண்கள் போடும் பனியன் ஒன்று புதிதாகத் தொங்கியது. செகண்ட்ஸ் இல்லை, நல்ல சரக்கு, கடையில் முழு விலை கொடுத்து வாங்கியது.

ஆனியில் அப்பாவின் பதில் வந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். "இம்முறை வழக்கத்தைவிடக் காசு கூட வந்திருக்கிறது. எதற்கென்று எழுதவில்லை. என்னை வரச் சொல்லித்தான் அனுப்பினாயோ என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்படி ஒரு வரியும் இல்லை. நானாக முடிவெடுத்து வந்து, உழைத்துக் களைக்கிற உன் தலையில் இன்னொரு சுமையாக ஏற மனமில்லை. அந்தக் காசைத் தொடாமல் வைத்திருக்கிறேன். வா என்று ஒரு சொல் எழுது, அடுத்த வள்ளத்தில் வருகிறேன். மகளை நன்றாகப் படிக்க வை."

அம்மா என் எதிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசித்தேன்: "இம்முறை வழக்கத்தைவிடக் காசு கூட வந்திருக்கிறது. மகளை நன்றாகப் படிக்க வை." நடுவில் இருந்ததை வாசித்தால் நான் எழுதாமல் விட்டது வெளியே வந்துவிடும். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"வாறதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை."

"வடிவாப் பார் பிள்ளை."

"இல்லை அம்மா."

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்தைத் தடவிப் பார்த்து, மடித்து வைத்தாள். எழுந்துபோய் ஆணியிலிருந்த பனியனை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். "சரி. அவருக்குத் தோட்டம்தான் பெரிசு" என்றாள். அதன் பிறகு மூட்டை நிற்கவில்லை. வயிற்றுக்கு அனுப்புவது கடமை என்று அனுப்பினாள். கடிதத்துக்குத்தான் சொல் வற்றிவிட்டது. "சுகம் எண்டு எழுது. பார்சல் கிடைச்சதோ எண்டு கேள். போதும்." நான், "வரச் சொல்லி இன்னொருக்கா எழுதட்டா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஒருக்காக் கூப்பிட்டாச்சு. வெத்திலை வைச்சு அழைக்க அவரென்ன சம்பந்தியோ?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் நானே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். ஒரு சொல்தான் அவர் கேட்டிருந்தார். எழுதினால் அவர் வந்து நின்று, "இந்த முறைதானே கூப்பிட்டாய்" என்று அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் பயந்தேன். காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பரீட்சை முடிந்த அந்த ஐப்பசியில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சண்டை நெருங்கி, சனங்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தார்கள். வழிகள் மூடிவிட்டன. மூட்டைகள் கொழும்புக் கடையில் தேங்கிக் கிடந்தன. மறு ஆண்டு பங்குனியில் பெரியப்பாவிடமிருந்து அரைப் பக்கக் கடிதம் வந்தது. நடந்து நடந்து வன்னிக் காட்டுக்குப் போய், மலேரியாக் காய்ச்சலில் மருந்தில்லாமல் அப்பா இறந்துபோனார். இடுப்பில் ஒரு துணிப்பை நிறையக் காசு கட்டியிருந்ததாம். காய்ச்சலில் கிடந்தபோதும் அதைத் தொட விடவில்லையாம். அதைத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் ஈமச் செலவுக்கு எடுத்தார்கள். ஏன் அதைத் தொடாமல் வைத்திருந்தார் என்று பெரியப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் புரிந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று படையல் முடிந்ததும், பனியன் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் கடைசிக் கடிதத்தை எடுத்து, "வாசி" என்பாள் அம்மா. நானும் வாசிப்பேன், அதே இடத்தில் அதே வரிகளை விழுங்கிக்கொண்டு. பள்ளிச் சீருடையில் வாசித்தேன், கல்யாணமான வருடம் வாசித்தேன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வாசித்தேன். முதல் தடவை செய்தது பன்னிரண்டு வயதுப் பெண். மற்ற தடவையெல்லாம் செய்தது யார்? படையலில் அப்பாவுக்குப் பிடித்த எல்லாம் இருக்கும், ஒன்றைத் தவிர. சாப்பிட்டு முடித்ததும் பனங்கட்டியை, இங்கே சொல்லும் கருப்பட்டியை, கடித்துக்கொண்டு பால் விடாத தேத்தண்ணீர் குடிக்காமல் அவர் எழ மாட்டார். அதை மட்டும் அம்மா வைக்க மாட்டாள். "வேணுமெண்டால் வந்து குடிச்சிருக்கலாம். கூப்பிட்டனான்தானே" என்பாள், படத்தைப் பார்க்காமல்.

இப்போது அந்தக் காம்பவுண்டு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி எழும்பி, மாடிக்கு மாடி ஒடிசாக்காரர்களும் பீகார்காரர்களும் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் யாரும் பதுங்குவதில்லை. கம்பெனிக்குப் போகும் வழியில், படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அப்பன் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே, அதே போனில் பணத்தையும் தட்டி அனுப்பிவிட்டு எழுந்துபோகிற பெண்களைப் பார்க்கிறேன். நடுவில் எழுதித் தரவும் வாசித்துக் காட்டவும் ஒரு பிள்ளை தேவையில்லை. பாவாத்தாள் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் யார் என்று அவருக்கு வெகுகாலம் முன்பே தெரியும் என்று சுமதி போன வருடம் சொன்னாள். "எங்கம்மாவுக்கு அப்பவே தெரியும் புள்ள. நல்லவங்க, இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டாங்க." அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞானம் அக்காவும் இல்லை, தம்பியின் தோணியும் இல்லை. நான் கம்பெனியில் பார்ப்பது கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒரு வரி விட்டுப்போனால் துறைமுகத்தில் சரக்கு நின்றுவிடும். இத்தனை வருடத்தில் ஒரு வரியும் விட்டதில்லை என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

இந்த வருடத் திவசத்தில் நான் சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என் மகள் தாரணியைக் கூப்பிட்டு, "நீ வாசி பிள்ளை" என்று பெட்டியை நீட்டிவிட்டாள். தாரணிக்குப் பன்னிரண்டு வயது. கூடத்திலிருந்து அவளுடைய குரல், பள்ளியில் பாடம் படிக்கிற குரல், தடங்கல் இல்லாமல் வந்தது. "இம்முறை வழக்கத்தைவிடக் காசு கூட வந்திருக்கிறது. எதற்கென்று எழுதவில்லை." நான் கரண்டியோடு நின்றேன். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். கால் நகரவில்லை. நகரக் கூடாது என்றும் தோன்றியது. "வா என்று ஒரு சொல் எழுது, அடுத்த வள்ளத்தில் வருகிறேன். மகளை நன்றாகப் படிக்க வை."

"நில்லு பிள்ளை. திரும்ப வாசி" என்றாள் அம்மா. தாரணி திரும்ப வாசித்தாள். வடை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு நான் கூடத்து வாசலில் வந்து நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இது இதிலை இருந்ததோ?"

"ஓம் அம்மா."

"அண்டைக்கு நான் சொன்னதை நீ எழுதேல்லையோ?"

"எழுதேல்லை."

முப்பது வருடமாக நான் காத்திருந்த அடி விழவில்லை. அவள் என்னைவிட்டுப் பார்வையைத் திருப்பி, பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நின்ற தாரணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவளுடைய மெல்லிய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "இவ்வளவுதான் இருந்திருப்பாய்" என்றாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள். "முப்பது வருசமா இந்த மனுசனை வையாத நாள் இல்லையே. நான் கூப்பிடேல்லை எண்டு அவர் அங்க, வரேல்லை எண்டு நான் இங்க."

நான் காலில் விழலாமா என்று நினைப்பதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். உதவிக்குப் போன என் கையை விலக்கிவிட்டாள். தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூளைப் போட்டு, பால் விடாமல் வடித்து, டப்பாவின் அடியில் கிடந்த கருப்பட்டித் துண்டைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து படத்தின் முன் வைத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். என் கைப்பட எழுதியிருக்க வேண்டிய அந்தச் சொல்லை, நாங்கள் மூவரும் கேட்க, அவளே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."